கிளிநொச்சிக்கு ஒருநாள் சுற்றுலா

எனக்குத் தலைநகரம் என்றால் கொழும்பு இல்லை, கிளிநொச்சி. 2005 இல் நான் நாட்டை விட்டுப் போகும்போது விடுதலைப் புலிகளின் நீதிமன்றம், வைப்பகம், காவல்துறை, வெளிநாட்டுத் தூதுவர்கள் வந்திறங்கும் செயலகம் எல்லாம் அங்கேதான். 2014 டிசம்பரில் கனேடியக் கடவுச்சீட்டோடு திரும்பிப் போனபோது அந்த ஊரை ஒருநாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன்.

அப்போது போவதற்கே கடிதம் வேண்டியிருந்தது. அந்த ஒக்டோபரிலிருந்து வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கட்டாயமாக இருந்தது. முன்பு புளியங்குளத்தில் புலிகளிடம் வெளியே போகப் பாஸ் காட்டினேன்; இந்த முறை ஓமந்தையில் இராணுவத்திடம் உள்ளே போகக் கடிதம் காட்டினேன்.

ஏ9 வீதியோரம் ஒரு விடுதி. சுடுதண்ணி இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். இருந்தது, வாளியில். பெடியன் அடுப்பில் காய்ச்சித் தூக்கி வந்தான். ஏசி வேலை செய்யவில்லை, ஆனால் பில்லில் இருந்தது. மாரிக் குளிரில் அதை யார் தேடினார்கள், சொல்லிக் கழித்துவிட்டேன்.

ஆட்டோத் தம்பிக்கு நாளுக்கு 3000 ரூபா பேசினேன். நான் கேட்காமலே முதலில் சரிந்து கிடந்த தண்ணித் தாங்கிக்குக் கொண்டுபோனான். 2009 ஜனவரி 2 இல் ஊர் இராணுவத்தின் கைக்குப் போவதற்கு முன்பே விழுந்த தாங்கி. பக்கத்தில் நினைவுப் பொருள் கடை, குளிர்ந்த சோடா, தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்து படம் எடுக்கும் குடும்பங்கள். அடுத்தது, ஷெல் துளைத்த கொங்கிரீட் பெட்டியின் மேல் தாமரை பூத்திருக்கும் நினைவுச் சின்னம். "வாற ஆக்கள் எல்லாரும் இதுதான் அண்ணை பாக்கிறவை." உண்மைதான், பலகை வைத்து, புல் வெட்டி, ஒழுங்காக வைத்திருந்த இடங்கள் இவை இரண்டும்தான்.

"முந்தின கோடு எங்க தம்பி?" புலிகளின் பழைய நீதிமன்றத்தைத்தான் கேட்டேன்.

"எந்தக் கோடு அண்ணை?"

அவன் முல்லைத்தீவுப் பக்கம். 2009 இல் பதினைந்து வயது. போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எந்த வலயத்தில் எத்தனை மாதம் என்று சொல்கிறான், கிளிநொச்சியின் பழைய வீதிகள் தெரியாது. எனக்கும் பாதி பிடிபடவில்லை.

மத்தியானம் வீதியோரக் கடையொன்றில் சாப்பாடு. சோறு, குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை. கடைக்கார அக்கா கேட்காமலே இரண்டாம் தரம் சோறு போட்டார். அந்தப் பயணத்தில் குறை சொல்ல முடியாத ஒரே சேவை இது.

பிறகு இரணைமடு. கனகராயன் ஆறு வந்து விழும் குளம், பலமுறை உயர்த்திய அணைக்கட்டு. கட்டில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். அங்கே ஒரு விளக்கப் பலகைகூட என் கண்ணில் படவில்லை. தம்பி மட்டும் எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது என்று கைநீட்டிச் சொன்னான். அவன் மாமனுக்கு அங்கே இரண்டு ஏக்கராம்.

திரும்பும் வழியில் அவனாகவே ஓரமாக நிறுத்தி, கிளிநொச்சியில் நெடுநாள் இருந்த தன் பெரியம்மாவுக்குப் போன் போட்டு, பழைய கோடு எந்த இடம் என்று கேட்டான்.

"உதை ஏன்டா இப்ப கேக்கிறாய்? ஆர் பக்கத்தில நிக்கிறது?" அவர் போட்ட சத்தம் பின்சீற்றில் இருந்த எனக்கும் கேட்டது. அதோடு விட்டுவிட்டோம்.