எஸ்யூவிக்கு பிரேக் பேட்: பெட்டியைப் பார்க்காதீர்கள், தகட்டைப் பாருங்கள்

ஒரே வேகத்தில் வரும் ஒரு டன் காரை நிறுத்துவதைவிட இரண்டு டன் எஸ்யூவியை நிறுத்த இருமடங்கு ஆற்றலை பிரேக் தாங்க வேண்டும். வேகம் 100-லிருந்து 140 கிலோமீட்டர் ஆனால் அதுவே மறுபடி ஏறக்குறைய இருமடங்காகும். அத்தனையும் வெப்பமாக மாறி பேட்டிலும், அது அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கிலும்தான் இறங்குகிறது. அதனால் சின்ன காரில் ஒரு குறையும் சொல்ல முடியாத பேட், எஸ்யூவியில் நீண்ட இறக்கத்தில் பிடிப்பை இழக்கலாம்.

ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக் என்று மூன்று வகை விற்கிறார்கள். ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தமில்லாதது, விலையும் குறைவு. ஆனால் சூடேறினால் தளர்ந்துவிடும், சீக்கிரம் தேயும். கனமான வண்டிக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. செராமிக்கில் தூசி குறைவு, சத்தம் குறைவு, டிஸ்கும் அதிகம் தேயாது. குடும்பத்தோடு நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடும் எஸ்யூவிக்கு நல்ல செராமிக் பேட் போதும். டிரெய்லர் இழுப்பவர்களும், முழுச் சுமையோடு மலைப்பாதையில் அடிக்கடி இறங்குபவர்களும் செமி மெட்டாலிக் வாங்குவதே சரி. இதில் உள்ள இரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தும். சூட்டிலும் பிடிப்பு நிற்கும். பதிலுக்குச் சக்கரத்தில் கறுப்புத் தூசி படியும், காலையில் முதல் சில பிரேக்குகளில் கொஞ்சம் கரகரக்கும். அது பழுதல்ல.

ஆனால் 'செராமிக்' என்று பெட்டியில் அச்சடிக்க யாராலும் முடியும். ஒரே பெயரில் வரும் இரண்டு பேட்டுகளின் கலவை முற்றிலும் வேறாக இருக்கலாம். பேட்டின் ஓரத்திலோ, உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும் பின்தகட்டிலோ அச்சிட்டிருக்கும் குறியீட்டைத் தேடுங்கள். பல பேட்டுகளில் அதன் கடைசி இரண்டு எழுத்துகள் உராய்வுக் குணகத்தை, அதாவது பிடிப்பின் அளவைச் சொல்லும்: முதலாவது சாதாரண வெப்பத்தில், இரண்டாவது சூடேறிய நிலையில். E என்றால் 0.25 முதல் 0.35 வரை, F என்றால் 0.35 முதல் 0.45 வரை, G என்றால் 0.45 முதல் 0.55 வரை. FF அல்லது GG என்றால் சூட்டிலும் அதே பிடிப்பு. FE என்றால் சூடேறியதும் பிடிப்பு இறங்குகிறது; எஸ்யூவியின் முன்சக்கரத்துக்கு அதை வேண்டாம் என்றே சொல்வோம். இது உராய்வை மட்டும்தான் காட்டும், ஆயுளையோ சத்தத்தையோ அல்ல. ஈசிஇ ஆர்90 (மாற்றுப் பேட்டுகளுக்கான ஐ.நா. விதி) முத்திரை இருந்தால் இன்னும் நல்லது: அசல் பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அந்த விதி.

அடுத்து பின்தகடு. பெயின்ட் உரிந்து துரு தெரிந்தாலோ, உராய்வுப் பொருளுக்கும் தகட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலோ திருப்பிக் கொடுங்கள். துரு உள்ளே புகுந்தால் பேட் தகட்டைவிட்டுப் பெயர்ந்துவரும். ஷிம் (அதிர்வைத் தடுக்கும் மெல்லிய தகடு), பேட்டைப் பிடித்துவைக்கும் கிளிப் எல்லாம் பெட்டியிலேயே வருகிறதா என்றும் பாருங்கள். பழைய கிளிப்பிலேயே புதுப் பேட்டை மாட்டுவதும் கீச்சுச் சத்தத்துக்கு ஒரு காரணம்.

உராய்வுப் பொருள் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுங்கள். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேட் போட்டுப் பயனில்லை.

பொருத்தும்போது கெடுவது பெரும்பாலும் கேலிப்பரின் (பேட்டை டிஸ்கில் அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின்னில்தான்; கேலிப்பர் நகர்வது அந்தப் பின்னின் மேல்தான். அது இறுகிவிட்டால் உள்பக்கப் பேட் மட்டும் தேயும், அல்லது பேட் ஒரு பக்கமாகச் சரிந்து தேயும். பின்னைத் துடைத்து, ரப்பருக்கு ஏற்ற சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துப் பின்னைச் சிக்க வைக்கும். பேட்டைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டி நிரம்பி வழியலாம். பெயின்டில் பட்டால் அரித்துவிடும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் முதலில் சர்வீஸ் மோடுக்கு (ஹேண்ட் பிரேக் மோட்டாரைப் பின்னிழுத்து வைக்கும் நிலை) கொண்டுபோகாமல் பின்சக்கரப் பிஸ்டனைத் தொடாதீர்கள், மோட்டார் உடையலாம். வேலை முடிந்து வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதிகள் தரைவரை போகும்.

பிறகு ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை மிதமாக வேகம் குறையுங்கள். நடுவே அரை நிமிடமாவது ஓடவிட்டு ஆறவிடுங்கள். பேட்டின் மெல்லிய படலம் டிஸ்கில் சமமாகப் படிய வேண்டும். சூடான பேட்டை அழுத்தியபடி நின்றால் ஓரிடத்தில் மட்டும் படிந்து, பின்னாளில் ஸ்டியரிங் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அடுத்த 300 கிலோமீட்டருக்குக் கடும் பிரேக் தவிருங்கள். 1000 கிலோமீட்டரில் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே அளவு தேய்கின்றனவா என்று அளந்து பாருங்கள்.