24 மணி நேரமும் ஓடும் வீட்டு சர்வர்: ரேக், பை, மினி பிசி

குடும்பப் படங்களும் கணக்கு ஃபைல்களும் நெட் கம்பெனிகளிடம் இல்லாமல் வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று இறங்கியபோது மூன்று வழிகள் இருந்தன: கம்பெனிகள் கழித்துவிடும் ரேக் சர்வர் (அலமாரிச் சட்டத்தில் அடுக்கும் பெரிய சர்வர்), ராஸ்ப்பெரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு), செகண்ட் ஹேண்ட் மினி பிசி (சின்ன டெஸ்க்டாப்). மூன்றையும் ஈரோட்டு வீட்டில் ஓட்டிப் பார்த்து மினி பிசியில் நின்றுவிட்டேன்.

வேகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. படங்களைச் சேமிக்கும் இம்மிச், வீடியோ ஓட்டும் ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் என்ற மூன்று சாஃப்ட்வேருக்கும் 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம் தாராளம்.

என் முடிவைத் தீர்மானித்தது கரண்ட்தான். ப்ளக்கில் வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். ரேக் சர்வர் சும்மா இருக்கும்போதே 120 வாட். மினி பிசி 10. இரண்டு மாத பில்லுக்கு அது 173 யூனிட், இது 14. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக 380 யூனிட் வரும். ரேக் சர்வர் சேர்ந்தால் 550. 500-ஐத் தாண்டிவிட்டால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். அந்த 120 வாட்டும் சூடாக அறைக்குள்ளேயேதான் இறங்கும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. சத்தமும் சேர்ந்துகொண்டது. "ஏங்கண்ணு, ராத்திரியெல்லாம் இது இப்படி இரையுதே, நிறுத்தக்கூடாதா?" என்று அம்மா கேட்டார்.

அப்புறம், பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். மினி பிசியும் ரவுட்டரும் சேர்ந்தே 25 வாட்டுக்குள். இன்வெர்ட்டரின் 150 ஏஎச் பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்லை. இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள்; இல்லையென்றால் கரண்ட் மாறும் நொடியில் பெட்டி ரீபூட் ஆகும்.

ராஸ்ப்பெரி பை இழுத்தது வெறும் 4 வாட்தான். ஆனால் டேட்டா எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் எஸ்டி கார்டு இரண்டு முறை கெட்டது. யூஎஸ்பியில் எஸ்எஸ்டி போட்டால் தீரும். அடாப்டர், கேஸ் என்று சேர்த்தால் விலை மினி பிசியை நெருங்கிவிடுகிறது. பை 5-ஐ நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

ரேக் சர்வரை வைத்திருந்தது மூன்று வாரம்தான். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ராம், எட்டு டிஸ்க் போட இடம், தூரத்திலிருந்தே ஆன் செய்யும் வசதி எல்லாம் உண்மையிலேயே அருமை. டேட்டா சென்டர் வேலைக்குப் பழக நினைப்பவர்களுக்கு அதுதான் சரி.

மினி பிசி வாங்கப் போனால், பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் செட்டிங்ஸ் புரோகிராம்) பாஸ்வேர்டு இல்லையென்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸுக்குள் போய், கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி மாற்றிவிட்டு, அடாப்டரைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். பட்டனைத் தொடாமலே விளக்கு எரிந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.