டிரம்பெட்டின் நாதம் குழலிலா, உதட்டிலா? பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நல்ல டிரம்பெட் வாங்கினால் நாதம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மாறும், ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி நிலைக்காது. முதல் சில வாரங்கள் புதுக்குரல் ஒன்று கேட்கும். பிறகு உதடும் மூச்சும் பழகிய நாதத்தையே தேடிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சி நிற்பவை வேறு: சுருதிச் சுத்தம், மெல்ல ஊதும்போது ஸ்வரம் எழும்பும் விதம், கச்சேரி முடியும்போது உதட்டில் மிஞ்சியிருக்கும் வலு. குழலை மதிப்பிட வேண்டியது இவற்றை வைத்துத்தான் என்பது என் உறுதியான கருத்து.

நான் நெடுங்காலமாக ஊதுவது பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 180, 37ஆம் எண் பெல் (முன்னே விரியும் வாய்), வெள்ளி முலாம், குழாயின் உள்விட்டம் 11.66 மில்லிமீட்டர். ஆஸ்திரியாவில் பிறந்து பொறியியல் படித்த டிரம்பெட் கலைஞரான வின்சென்ட் பாக் 1918இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் (உதடு பதிக்கும் கிண்ணம்) செய்யத் தொடங்கி, 1924இல் டிரம்பெட்டுக்கு வந்தவர். இந்த வரிசை முழுவதும், தானே ஊதிப் பார்த்த ஒருவர் வடிவமைத்தது என்பது கையில் எடுத்தால் தெரியும். பிற்பாடு வாங்கிய இரண்டாவது குழல் கனமானது, உள்விட்டம் அகன்றது. வழக்கமான மஞ்சள் பித்தளையில் செம்பு 70 விழுக்காடு, துத்தநாகம் 30. இதன் பெல்லில் செம்பு 85. அடர்ந்து கனிந்த நாதம் தரும் என்று சொல்லி விற்கப்படும் ரகம் இது.

கையில் வந்த புதிதில் அந்தக் கனிவு எனக்கும் கேட்டது. ஆனால் இரண்டு குழலிலும் ஒரே மெட்டை ஒரே அறையில் பதிவு செய்து, எது எதென்று குறிக்காமல் வைத்துவிட்டு நாள் கழித்துக் கேட்டபோது, மெதுவான பகுதிகளில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உரக்க ஊதிய இடங்களில் மட்டும் சட்டென்று பிடிபட்டது. பாக்கில் ஒலி சீறிக்கொண்டு வந்தது, மற்றதில் அந்தச் சீற்றம் தாமதித்தது. இதற்குக் காரணம் இருக்கிறது. பலமாக ஊதும்போது குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையின் முகப்பு போகப் போகச் செங்குத்தாகிறது. அதனால் மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வுகள்) பெருகி, பித்தளை வாத்தியத்துக்கே உரிய பளபளப்பு பிறக்கிறது. ஒரே விட்டத்தில் ஓடும் குழாயின் நீளம் கூடுதலாக இருந்தால் இது விரைவில் நிகழும். டிரம்பெட்டைப் போலவே இருந்தாலும் கூம்பாக விரியும் ஃப்ளூகல்ஹார்னில் எளிதில் நிகழாது. எவ்வளவு பெரிய கலைஞர் ஊதினாலும் ஃப்ளூகல்ஹார்ன் டிரம்பெட் ஆகிவிடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உள்வடிவம் ஒலியைத் தீர்மானிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உலோகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது, அங்கேதான் எனக்கு நம்பிக்கை குறைவு. என் இரண்டு குழல்களிலும் உலோகம் மட்டுமல்ல, பெல்லின் வளைவும் எடையும் குழாயின் உள்விட்டமும் வேறு. எனவே என் காதில் விழுந்த வித்தியாசத்தைச் செம்பின் கணக்கில் எழுத நியாயமில்லை. பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்மித், வெவ்வேறு தடிமன் கொண்ட டிராம்போன் பெல்களைக் கண்ணைக் கட்டிய தொழில்முறைக் கலைஞர்களிடம் கொடுத்து ஊதச் சொன்னார். எடையும் சமப்படுத்தப்பட்டிருந்த நிலையில் அவர்களால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் தாமஸ் மூர் குழுவினர், டிரம்பெட் பெல்லை மணல் மூட்டைகளால் அமுக்கி அதிர்வை அடக்கியபோது ஒலியின் அமைப்பு அளவிடக்கூடிய அளவுக்கு மாறியதைக் காட்டினார்கள். இரண்டும் முரண்படவில்லை என்றே நினைக்கிறேன். விளைவு உண்டு, அது சிறியது.

பிறகு ஏன் ஊதுபவர்கள் உலோகத்தால் நாதம் மாறுகிறது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பெல்லுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதே முக்கியக் காரணம். ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெல் முன்பக்கமாகவே வீசுகிறது. அவையோர் கேட்கும் கூர்மை நமக்கு வருவதில்லை. சுவரில் மோதித் திரும்புவதும் கையில் உணரும் அதிர்வும்தான் நமக்கு நாதமாகப் படுகின்றன. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் வளைந்த பெல் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த சான்று. 1953இல் அவருடைய டிரம்பெட்டின்மேல் யாரோ விழுந்ததில் பெல் மேல்நோக்கி வளைந்துவிட்டது. எடுத்து ஊதிப் பார்த்தவருக்குத் தன் ஒலி தன் காதுக்கே நன்றாக வந்து சேர்வது பிடித்துப்போனது. அதே கோணத்தில் செய்து வாங்கிக்கொண்டார். கேட்டவர்களுக்கு அவர் முன்பும் பின்பும் டிஸ்ஸிதான். அவரும் மற்ற ஜாஸ் கலைஞர்களான மைல்ஸ் டேவிஸும் செட் பேக்கரும் மார்ட்டின் கமிட்டி என்ற ஒரே டிரம்பெட் மாதிரியை ஊதியிருக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவரை இன்னொருவர் என்று எந்த ரசிகரும் மயங்கியதில்லை.

மவுத்பீஸ் விஷயத்தில் மட்டும் என் தொனி மாறும். பாக் மவுத்பீஸ்களில் 3சி என்ற அளவின் உள்விட்டம் 16.3 மில்லிமீட்டர், 1½சி என்பதன் உள்விட்டம் 17. முக்கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை; ஆனால் உதட்டின் எவ்வளவு பகுதி அதிர வேண்டும் என்பதை அதுதான் வகுக்கிறது. கிண்ணத்தின் ஆழம் இன்னும் முக்கியம்: ஆழம் குறைந்தால் ஒலி கூர்மையாகும், கூடினால் உருண்டு திரளும். குழலை மாற்றியதைக் கவனிக்காத என் குழுவினர், மவுத்பீஸை மாற்றிய அன்றே கேட்டார்கள். அதிர்கிற தசைக்கு அடுத்து நிற்கும் உறுப்பு அது. அதை மாற்றுவது ஏறக்குறைய ஊதுபவரையே கொஞ்சம் மாற்றுவதுதான்.

பாக் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் சுருதி. எந்த டிரம்பெட்டிலும் ஐந்தாம் ஹார்மோனிக், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் நான்காவது இடைவெளியில் எழுதப்படும் ஈ, சம சுருதியைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்ந்திருப்பது இயற்கை. கீழ் டீ-க்கு முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது, ஒவ்வொரு வால்வும் சேர்க்கும், தனித்தனியாக அளந்து வைத்த கூடுதல் குழாய்கள் இரண்டும் சேர்ந்தாலும் நீளம் போதாது, ஸ்வரம் ஏறிவிடும். அதற்காகத்தான் மூன்றாம் வால்வின் ஸ்லைடில் (இழுத்து நீட்டும் குழாயில்) விரல் மோதிரம். என் பாக்கில் விரலை லேசாக நீட்டினால் டீ வந்து அமர்கிறது, ஈ-யை உதட்டால் சற்றுத் தூக்கினால் போதும். கனமான குழலில் ஒவ்வொரு ஸ்வரமும் பள்ளத்தில் விழுந்ததுபோல் உறுதியாக நிற்கும். அது வசதிதான், ஆனால் பித்தளைக் குழுவில் பக்கத்திலிருப்பவரின் சுருதிக்கு அரை நொடியில் வளைந்து கொடுக்க அது விடுவதில்லை. எனக்கு அந்த வளைவு வேண்டும்.

சில ஆண்டுகள் ஊதிய குழல் மந்தமாகிவிட்டது என்று தோன்றினால் வால்வுகளைக் கழற்றிப் பாருங்கள். வால்வின் அசைவை நிறுத்தும் மெத்தைகளான ஃபெல்ட்டும் கார்க்கும் தேய்ந்தால், வால்வை அழுத்தும்போது அதன் துளைகள் குழாய்களுக்கு நேருக்கு நேர் நிற்பதில்லை. என் பாக்கில் அவற்றை மாற்றியபின் நடு ஸ்தாயியில் கிடைத்த தெளிவு, புதுக்குழல் தந்ததைவிட அதிகம். செலவு மிகச் சொற்பம். அதையும் செய்துவிட்டு வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் சொந்த மவுத்பீஸை எடுத்துச் செல்லுங்கள். காது தேர்ந்த ஒருவரைத் தூரத்தில், முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். முழு பலத்தில் ஊதிக் காட்டுவதை விட்டு, மிக மெல்லிய ஒலியில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தொடங்கிப் பாருங்கள். மூச்சு விட்டதும் தயங்காமல் எழும்புகிற குழல் எதுவோ, அதை வாங்குங்கள். அதன் பெல் எந்த உலோகம் என்று கேட்கக்கூட வேண்டியதில்லை.