ஓட்டச் சோதனையா, ஆட்டத்தைக் கவனிப்பதா?

பிள்ளையின் காற்பந்து எதிர்காலத்தை எதை நம்பிக் கணிப்பது என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பெற்றோர் பலர் தவிக்கிறார்கள். பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்துப் பயிற்சி மையமான மொக்தார் டஹாரி அகாடமிதான் பல பையன்களின் கனவு.

செலவு: சோதனைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். கவனிப்புக்கோ நல்ல பயிற்றுநர் வாரக்கணக்கில் திடலோரம் நிற்க வேண்டும்.

எளிமை: சோதனையே எளிது.

நிலைப்பு: சோதனை சறுக்குவது இங்கேதான். ஆண்பிள்ளைகள் பெரும்பாலும் 14 வயதையொட்டிக் கிடுகிடுவென வளர்கிறார்கள். முந்தி வளர்ந்தவன் 12 வயதில் 30 மீட்டர் ஓட்டத்தில் முந்துவான். மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, ஜனவரியில் பிறந்தவனும் கிட்டத்தட்ட ஒரு வயது இளையவனான டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். கண்ணும் ஏமாறும், பெரிய உடம்பைத் திறமை என்று எண்ணும். ஆனாலும் பந்து வருமுன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் தொடுகையிலேயே காலி இடத்துக்குத் திரும்பும் பையனைக் கண்தான் கண்டுபிடிக்கும்.

ஒரே நாளில் நூறு பேரைப் பார்க்க வேண்டுமானால் சோதனை சரி. பிறந்த மாதத்தையும் பெற்றோர் உயரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யாரைத் தொடர்ந்து வளர்ப்பது என்பதற்குக் கவனிப்புதான், அதுவும் ஆண்டுதோறும். டிசம்பர் பிள்ளையை 15 வயதில் மறுபடி பார்க்காத தேர்வாளரை நான் நம்பமாட்டேன்.