அரசே கட்டும் வீடும், அரசு நிதியில் தனியார் கட்டும் வீடும்

குறைந்த வருமானத்தினருக்கு வீடு கட்டித் தர இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில் நிலம், நிதி, ஒதுக்கீடு, பராமரிப்பு அனைத்தும் அரசின் பொறுப்பு. ஒப்பந்ததாரரின் வேலை கட்டுமானத்தோடு முடிந்துவிடும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 முதல் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

மற்றதில் அரசு நிலமோ மானியமோ வரிச்சலுகையோ தந்து விதிகளை வகுக்கும். முதலீடு, கட்டுமானம், நிர்வாகம் தனியாரிடம். அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டு வரிச்சலுகைத் திட்டம் இந்த வகை. கட்டி முடித்துத் தகுதியுள்ளோர் குடியேறிய பிறகே சலுகை கிடைக்கும் என்பதால், தாமதத்தின் நட்டம் முதலீட்டாளர் தலையில்தான் விழும். இது பெரிய பலம். ஆனால் வாடகைக் கட்டுப்பாடு பொதுவாக 30 ஆண்டுக்குத்தான். அதன்பின் சந்தை வாடகைக்கு ஏற்றலாம். அங்கேயே முதுமையடைந்தவர்கள் எங்கே போவார்கள்?

அரசு வீடுகளில் அந்த அச்சம் குறைவு. பராமரிப்பு நிதி வற்றுவதுதான் அங்கே ஆபத்து.

தனியாரைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, நிலம் அரசின் பெயரிலேயே இருக்கும்வரை. நீண்டகாலக் குத்தகை போதும். விற்றுவிட்டால், ஒப்பந்தத்தில் எத்தனை நிபந்தனை எழுதினாலும் பிடி தளர்ந்துவிடும். பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் கட்டுநரிடம் விடக்கூடாது.