சீசன் டிக்கெட் வாங்கலாமா? சென்னை அரங்குகளில் எனக்கு இருக்கும் ஒரே சண்டை

பெங்களூரிலிருந்து மாற்றலாகிச் சென்னைக்கே திரும்பிவிட்ட என் தோழி, மார்கழிக் கச்சேரிகளுக்கு எந்த சபாவில் சீசன் டிக்கெட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாள். யார் எந்த நாளில் பாடுகிறார்கள், எந்த கேன்டீனில் என்ன நன்றாக இருக்கும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவளுக்கே தெரியும். மயிலாப்பூரில் வளர்ந்தவள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்த ஊரில் பல வருடங்களாகக் கச்சேரி, நாடகம், காமெடி என்று போய்க்கொண்டிருக்கும் எனக்கு மனதை அரிக்கிற விஷயம் ஒன்றுதான். ஒலி. இன்னும் சரியாகச் சொன்னால், சத்தம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கலை கேட்க, பார்க்க இதைவிடத் தாராளமான ஊர் எனக்குத் தெரிந்து கிடையாது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் கிடையாது. கையை வீசிக்கொண்டு உள்ளே போய் உட்காரலாம். இருபது வயதுப் பெண் ஒருத்தி எதிரே நாற்பது பேர் மட்டும் இருக்கும் அரங்கில் தோடி ராகத்தை அப்படி விரித்து வைப்பாள். ஐந்து வருடம் கழித்து அவளுக்கே மாலை நேர மேடை கிடைக்கும்போது, அன்றைக்கே கேட்டோம் என்ற சந்தோஷம் நமக்கு. மார்கழி மட்டும் இல்லை. பங்குனியில் கபாலி கோயில் மாட வீதிகள், ஆண்டு முழுக்க எழும்பூர் மியூசியம் தியேட்டர், திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, ஆழ்வார்பேட்டையிலும் பெசன்ட் நகரிலும் சின்னச் சின்ன மேடைகள். வாரக் கடைசியில் எதற்குப் போவது என்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

நான் வருடா வருடம் சீசன் டிக்கெட் எடுத்துவந்த சபா ஒன்று தன் அரங்கைச் சமீபத்தில் புதுப்பித்தது. பெயர் வேண்டாம். இருக்கைகள் அருமை, முதுகு வலிக்கவில்லை. பழைய ஏசி ஆலாபனையின் நடுவே உறுமும். புது ஏசி ஓடுவதே தெரியவில்லை. கழிவறைகள்கூட மாறிவிட்டன. கூடவே புது ஸ்பீக்கர்களும் வந்தன, மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முன்பு நூறு அடிக்கு அப்பால் போய் மங்கிய சத்தம் இப்போது கடைசி வரிசை வரை அதே வேகத்தில் வந்து அடிக்கிறது. முன்பு எந்த மூலைக்குப் போய் உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்று தெரிந்து வைத்திருந்தோம். அந்த மூலையும் போய்விட்டது.

இது எப்படி நடக்கிறது என்று, ஒலி அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேடையில் பாடகர், வயலின், மிருதங்கம், கடமோ கஞ்சிராவோ, ஆளுக்கு ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் அவரவர் முகத்தைப் பார்த்து வைத்திருக்கும். கச்சேரி தொடங்கி இரண்டாவது உருப்படி முடிவதற்குள் பாடகர் விரலை மேலே காட்டுவார்: என் குரலை எனக்கு ஏற்று. ஏற்றியதும் வயலின்காரருக்குத் தன் வில் கேட்காது. அவர் விரலைக் காட்டுவார். அடுத்து மிருதங்கம். நாலு மானிட்டரும் ஏறியதும் மேடைச் சத்தமே அரங்குக்குள் வழிய ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் குழம்பலாக வருகிறது என்று ஒலிப்பொறியாளர் வெளி ஸ்பீக்கரை அதற்கும் மேலே ஏற்றுவார். தொடக்கத்தில் வர்ணத்தில் இருந்த அளவுக்கும் பின்னால் ராகம் தானம் பல்லவிக்கு வரும்போது இருக்கும் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. கீழே இறக்கச் சொல்லி விரலைக் காட்டிய கலைஞரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு முறை இடைவெளியில் ஒலிப்பொறியாளரிடமே போய்க் கேட்டேன். "தம்பி, மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைங்களேன், பாட்டு கேட்கவே இல்லை."

"நான் என்ன பண்றது மேடம், மேடையிலேருந்து ஏத்தச் சொல்றாங்க. குறைச்சா என்னைத்தான் திட்டுவாங்க."

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. தினம் நாலு கச்சேரி, ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேரம்கூட இல்லை. ஒலியைச் சரிபார்க்கிற வேலையே திரை தூக்கிய பிறகு ரசிகர்கள் காதில்தான் நடக்கிறது. "ஹலோ, மைக் செக்" என்று பாடகர் சொல்லும்போதே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அரங்குக்குக் கோடிகளில் செலவழிக்கிறவர்கள் இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் விட மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

சத்தத்தால் போவது காது மட்டும் இல்லை, சங்கீதமும்தான். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பிக்குத் தனி மைக் வைத்து, அதில் பாஸ் ஏற்றி, குமுக்கி என்னும் அந்த ஆழ்ந்த ஒலி எழும்பும்போதெல்லாம் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. ஆனால் தொப்பியின் அழகே உள்ளங்கை தோலில் வழுக்கும் அந்தக் குழைவுதானே? அது போய்விடுகிறது. வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்னும் அடி விழும்போது வரும் கணீர் ஒலி ஸ்பீக்கரில் தகரத் தட்டாகிவிடுகிறது. தம்புரா இன்னும் பாவம். நாலு தந்தியும் ஜீவா என்னும் ரீங்காரம் பிடித்து, ஒன்றோடு ஒன்று கலந்து ஒரு புகை மாதிரி அரங்கை நிறைக்க வேண்டியது. இப்போது பின்னால் ஒரு பெண் கடமைக்கு மீட்டிக்கொண்டிருக்கிறாள், காதில் விழுவது மைக் முன் வைத்த சுருதிப்பெட்டி. வீணைக்குக் காண்டாக்ட் மைக் ஒட்டியதும் அது கிட்டார் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கமகத்தின் கடைசி நுனி, தந்தி அடங்கும் இடம், எதுவும் பழையபடி இல்லை.

தனி ஆவர்த்தனத்தின்போது ஜனங்கள் எழுந்து போவதைப் பற்றி எல்லோரும் திட்டுகிறோம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரம் அடி வாங்கிய காதுக்கு அதற்குமேல் தாளவாத்தியம் மட்டும் என்றால் பலருக்கு முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆறாவது வரிசையில் உட்கார்ந்து போனில் டெசிபெல் பார்த்தேன். தனியின் உச்சத்தில் 95-ஐத் தொட்டு இறங்கியது. போன் ஆப் துல்லியமான கருவி இல்லை, உச்சம் என்பது சராசரியும் இல்லை. ஆனாலும் ஒப்பிட ஒரு கணக்கு இருக்கிறது: தொழிற்கூடங்களில் 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு அளவு. அப்படிப் பார்த்தால் 94-க்கு ஒரு மணி நேரம்தான். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஏற்கெனவே காது மந்தமானவர்களுக்காகத்தான் ஏற்றுகிறோம் என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். மிச்சக் காதையும் வாங்கிக்கொள்வதா அதற்கு வழி?

மைக்கே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். மைக் வருவதற்கு முன் பெரிய கூட்டத்துக்குப் பாட வேண்டுமென்றால் சுருதி ஏறியே ஆக வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி டிக்கெட் வரை எட்டப் பாடியது அந்தக் காலத்துத் தேவை. அப்படியே தொடர்ந்திருந்தால் எம். டி. ராமநாதன் போல கீழ் ஸ்தாயியில், விளம்ப காலத்தில், நிதானமாகப் பாடிய ஒருவர் பெரிய அரங்கில் கேட்டே இருக்க மாட்டார். மெல்லிய குரலுக்கும், வீணைக்கும், கடத்தின் விரல் வேலைக்கும் மைக் வாழ்வு கொடுத்தது. அதை மறுக்க மாட்டேன். மெல்லியதைக் கேட்கவைக்க வந்த கருவியால் எல்லாவற்றையும் ஒரே உரப்பாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

நாகஸ்வரத்துக்கு மைக் வைப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. திறந்த வெளிக்குப் பிறந்த வாத்தியம் அது. அதை மூடிய அரங்கில் உட்காரவைத்து, வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு முன் ஒரு மைக், தவிலுக்கு இரண்டு மைக் என்று வைத்தால் கேட்கிறவர்கள் கதவைப் பார்த்து ஓடத்தான் செய்வார்கள். அதற்கு அப்புறம் "நாகஸ்வரத்துக்குக் கூட்டம் வருவதில்லை" என்று வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்? பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூருக்கு வந்து கேட்க வேண்டும். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் ஊர்வல இசை எழும். தெரு, வீட்டுச் சுவர், ஜனக்கூட்டம் எல்லாம் சேர்ந்து அந்த ஒலிக்கு இடம் கொடுக்கும். பத்தடியில் நின்றாலும் காது வலிக்காது, தெருக்கோடியிலும் தெளிவாகக் கேட்கும். டிக்கெட்டும் இல்லை.

நாடகத்தில் கதை வேறு. சபா நாடகங்களில் மேலேயிருந்து மைக்குகள் தொங்கும். வசனம் பேச வேண்டியவர் சரியாக அதற்குக் கீழே வந்து நிற்பார். அதனாலேயே குடும்பச் சண்டை முழுக்க மேடையின் மூன்று புள்ளிகளில் நடக்கும். இப்போது காலர் மைக் வந்து அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, பதிலுக்குச் சட்டை உரசும் சத்தம். ஆனால் மியூசியம் தியேட்டருக்குப் போய்ப் பாருங்கள். பாந்தியன் சாலையில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. அரைவட்டமாக, படிப்படியாக ஏறும் இருக்கைகள், மேடையை அணைத்தாற்போல. குரலைப் பழக்கிய நடிகர் திரும்பி நின்று பேசினால்கூட வார்த்தை வந்து சேர்கிறது. மெட்ராஸ் பிளேயர்ஸ் மாதிரியான பழைய குழுக்கள் அந்த மேடையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

குரலைப் பழக்குவது என்று சொன்னேன் அல்லவா, அதில் கூத்துப்பட்டறை செய்த வேலை பெரியது. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய அந்தப் பட்டறையில் புரிசை கண்ணப்ப தம்பிரான் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தார். விடிய விடிய வெட்டவெளியில் பாடி ஆடி நிற்கும் கலையிலிருந்து வந்த மூச்சுப் பயிற்சி அது. அங்கே பழகியவர்கள் நடித்த நாடகங்களை நான் சின்ன அறைகளில், மைக்கே இல்லாமல் பார்த்திருக்கிறேன். நடிகரின் மூச்சு வாங்கும் ஒலிகூட நாடகத்தின் பகுதியாக இருந்தது. ஒரு சபா நிர்வாகியாவது இதை வந்து பார்க்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

ஆச்சரியமாக, ஒலியில் மிகவும் ஒழுங்காக இருப்பது ஸ்டாண்ட்-அப் காமெடிதான். நூறு பேர் உட்காரும் அறை, ஒரே மைக். அந்த மைக்கைத்தான் அவர்கள் வாத்தியமாக வாசிக்கிறார்கள்: கிசுகிசுக்க வேண்டிய இடத்தில் வாயருகே, கத்த வேண்டிய இடத்தில் கையை நீட்டித் தள்ளி. ஒரு சொல் நழுவினால் சிரிப்பு வராது என்பதால் நிகழ்ச்சிக்கு முன்பே வந்து நின்று சரிபார்க்கிறார்கள். நகைச்சுவை எல்லாம் எனக்குப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன், பாதி நேரம் ஆங்கிலத்திலேயே போகிறது. ஆனால் வெளியே வரும்போது காதில் இரைச்சல் இல்லை. அலெக்சாண்டர் பாபு பாட்டையும் சிரிப்பையும் கலந்து செய்யும்போது அவர் பாடும் இரண்டு வரிகள், பக்கத்துத் தெரு சபாவில் கேட்ட முழுக் கீர்த்தனையைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மூன்று தலைமுறையாகச் சங்கீதம் நடத்துகிறவர்களுக்கு இது வெட்கமாக இல்லையா?

அரங்கில் இடம் பிடிப்பதைப் பற்றி என் தோழிக்கு இதைச் சொல்வேன். முதல் ஐந்து வரிசை வேண்டவே வேண்டாம். மேடை மானிட்டர், முன்பக்க ஸ்பீக்கர் இரண்டும் அங்கே வந்து விழுகின்றன. தொங்கும் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உள்ள ஓர இருக்கைகளும் வேண்டாம். மிக்ஸர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு வரிசை முன்னால் நடுவில் உட்கார வேண்டும். ஒலியைச் சரிசெய்கிறவர் காதில் விழுவதுதான் நமக்கும் விழும். பால்கனி உள்ள அரங்கில் பால்கனியின் பின்பகுதி நல்லது. பையில் ஒரு ஜோடி காதடைப்பான், வெட்கப்படாமல். அப்புறம், மைக் இல்லாத கச்சேரி என்று எங்கே அறிவிப்பு கண்டாலும், பாடுகிறவர் யார் என்றுகூடப் பார்க்காமல் போய்விட வேண்டும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் குழந்தைகள் காலையில் மைக் இல்லாமல் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். காகம் கத்தும், நடைப்பயிற்சிக்காரர்கள் பேசிக்கொண்டு போவார்கள், ஆனாலும் பாடிய ஒரு பெண்ணின் காந்தார ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று கேட்டது.

சீசன் டிக்கெட்? இந்த வருடம் நான் எடுக்கவில்லை. இத்தனை நல்ல ஊர், இத்தனை நல்ல பாட்டு, எனக்கே உரிய இருக்கை என்று பல வருடம் வைத்திருந்த இடம், எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். புதுப்பிக்கும் படிவம் வந்தது, பணம் கட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "சத்தம்" என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு வரி: கச்சேரிகளுக்கு நடுவே அரை மணி விடுங்கள், மிக்ஸரில் ஓர் அளவைக் குறித்து அதைத் தாண்டாதீர்கள். செய்தால் அடுத்த வருடம் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். அதுவரை மதியக் கச்சேரிகளும், மியூசியம் தியேட்டரும், பங்குனியில் மாட வீதியும் போதும். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்: தினசரி டிக்கெட் வாங்கு, வரிசை எண்ணைக் கேட்டு வாங்கு.