அக்குபங்சரும் உடம்பின் அழற்சியும்: பாடாங் செராய் பக்கத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கெடாவின் பாடாங் செராய் வட்டாரத்தில் அக்குபங்சர் எனும் ஊசி வைத்தியத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே என்ன வேலை என்று சொல்லிவிடலாம். செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும், பால்மரம் சீவியவருக்கு மணிக்கட்டும் முட்டியும். நீண்டகாலம் எடுத்தவர்களில் பலருக்கு வலி குறைகிறது, இது உண்மை. ஆனால் வலி விட்டதாலேயே அழற்சியும் போய்விட்டது என்று ருமாட்டாய்டு எனும் மூட்டழற்சி நோய்க்கான மாத்திரையை நிறுத்துகிறார்களே, அங்கேதான் கோளாறு. வலி போன பிறகும் மூட்டு உள்ளுக்குள் சிதைந்துகொண்டே இருக்கலாம்.

ஊசிக்கும் அழற்சிக்கும் தொடர்பு இருப்பது வெறும் நம்பிக்கை அல்ல. 2014-இல் வந்த ஓர் எலி ஆய்வில், முட்டிக்குக் கீழே உள்ள எஸ்.டி. 36 எனும் அக்குபங்சர் புள்ளியில் (சின்சேக்கள், அதாவது சீன வைத்தியர்கள், சூசான்லி என்பார்கள்) மின்சாரம் செலுத்தியபோது, மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு டோபமைன் சுரந்தது. அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். போன்ற புரதங்கள் குறைந்தன. அட்ரினலை எடுத்துவிட்ட எலிகளில் அந்தப் பலன் இல்லை. 2021-இல் அந்தச் சுற்றைத் தொடங்கிவைக்கும் நரம்பு வகையையே அடையாளம் கண்டார்கள். அது பின்னங்காலின் ஆழத்தில் உண்டு. வயிற்றுப் புள்ளியில் அதே அளவு மின்சாரம், 0.5 மில்லியாம்பியர், கொடுத்தும் பயனில்லை. 2020 ஆய்வு இன்னும் சுவாரசியம்: வயிற்றில் பலமாகக் கொடுத்தபோது, அழற்சி கிளம்புமுன் என்றால் நன்மை, கிளம்பிய பின் என்றால் நிலைமை மோசம். ஆக இடம், அளவு, நேரம் மூன்றும் முக்கியம். ‘எங்கே குத்தினாலும் உடம்புக்கு நல்லது’ என்கிற பேச்சை நம்பவேண்டாம்.

இதெல்லாம் எலிக் கணக்கு. மனிதர்களில் வலிக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2007-இல் வந்த ஜெர்மன் முதுகுவலி ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் முறையான அக்குபங்சர் எடுத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்திய போலிச் சிகிச்சைக்கு 44.2, வழக்கமான மருத்துவத்துக்கு 27.4. முதல் இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்: வலி விஷயத்தில் சரியான புள்ளிக்கும் தவறிய புள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எஸ்.டி. 36 வைக்கும்போது கவனிக்கவேண்டியது: முட்டிச்சில்லின் கீழே, வெளிப்பக்கப் பள்ளத்திலிருந்து உங்கள் நான்கு விரல் அகலம் இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. 0.25 மில்லிமீட்டர் தடிப்பு, 40 மில்லிமீட்டர் நீள ஊசி போதும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். சரியான ஆழத்தில் சுருக்கென்று குத்தாது. மதமதவென்று கனத்துப் பாதம்வரை இழுக்கும். மின்தூண்டல் மெஷினின் கிளிப்பை ஊசியில் மாட்டி 2 ஹெர்ட்ஸில் (நொடிக்கு இரண்டு துடிப்பு) வைத்தால் முன்கால் சதை துடிக்கும், துடிப்புக்கு ஏற்பப் பாதம் மேலே எகிறும். துடிப்பு திடீரென நின்றால் பெரும்பாலும் கிளிப் கழன்றிருக்கும். குமிழைத் திருகி ஏற்றாமல் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பல மெஷின்களில் குமிழின் 1 முதல் 10 வரை வெறும் படிகள்தான், மில்லியாம்பியர் அல்ல. பேஸ்மேக்கர் இருப்பவருக்கு மின்சாரம் கூடாது.

விடியற்காலையில் வெறும் கோப்பி-ஓ குடித்து வேலை முடித்து நேரே வருகிறவர்களுக்குத்தான் மயக்கம் அதிகம் வரும். வியர்த்து முகம் வெளுத்தால் ஊசிகளை எடுத்துவிட்டுப் படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும். முதல் தடவை உட்கார்ந்தபடி குத்திக்கொள்ளாதீர்கள். காலை அசைத்தால் சதை இறுகி ஊசி பிடித்துக்கொள்ளும். இழுக்காமல் சற்றுப் பொறுத்து, சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் விடும்.

தோள்மேட்டில் குத்தும்போது மட்டும் கறாராக இருங்கள். கீழே நுரையீரல். ஆழமாக நேரே இறக்கினால் காற்று கசியலாம். மூச்சுத்திணறல் சில மணிநேரம் கழித்துக்கூட வரும். வந்தால் உடனே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சிவந்து கொதிக்கும் மூட்டில் ஊசி வேண்டாம். கவுட்டா (யூரிக் அமில மூட்டுவாதம்), கிருமியா என்று முதலில் தெரியவேண்டும்.

பலன் உண்டா என்று அறிய, தொடங்குமுன் ஒன்று, சில வாரம் கழித்து ஒன்று என அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை எடுங்கள். சளி, காய்ச்சல், வெட்டுக்காயம் இருக்கும்போது எடுத்தால் எண் ஏறித்தான் காட்டும். இதற்கிடையே சந்தையில் வாங்கிய மாஜூன் (மூலிகை லேகியம்) சாப்பிட்டிருந்தால் கணக்கே கெட்டது. அவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு மருந்துக் கலப்படம் பிடிபட்டிருக்கிறது; வீக்கத்தை வடித்தது ஸ்டீராய்டு, பெயர் வாங்கியது ஊசி. லேபிளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், போலி எண்ணும் உலவுகிறது.

அரசு ஆஸ்பத்திரிகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதலில் 2007-இல் பினாங்கின் கெப்பாலா பத்தாஸில் தொடங்கியது. டாக்டரின் பரிந்துரைக் கடிதம் தேவை. தனியார் என்றால் 2016 பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கட்டும்.

இன்னொன்று, தோட்டத்தில் மட்டுமே வரும் சிக்கல். விரல் மூட்டோ முட்டியோ ஒன்று மட்டும் மாதக்கணக்கில் வீங்கியிருந்தால், ஒடிந்த செம்பனை முள் உள்ளே தங்கியிருக்கலாம். எத்தனை தடவை குத்தினாலும் அந்த வீக்கம் வடியாது. எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரிவதில்லை. டாக்டரிடம் முள் குத்தியதைச் சொல்லி அல்ட்ராசவுண்ட் கேளுங்கள்.